தேர்தல் செலவுக்கு வரம்பு இருக்கிறதே, அதற்குள் எப்படி ஒரு வேட்பாளர் சமாளிக்கிறார்?

கணக்கு நோட்டில் சமாளிப்பது சுலபம். 2021 சட்டமன்றத் தேர்தலில் நெல்லை மாவட்டத்தில் ஒரு கட்சி வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதினேன். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள், ஆள் தெரிந்துவிடும்.

அப்போது வரம்பு 30.8 லட்சம். 2022 ஜனவரியில் 40 லட்சமாக்கினார்கள். மனு தாக்கல் செய்யும்போது ஒரு பதிவேடு தருவார்கள்: அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். டீ, நாற்காலி, வேன் வாடகை என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகமே விலைப்பட்டியல் வைத்திருக்கும். டீக்கடைக்காரர் கட்சிப் பாசத்தில் காசு வாங்காவிட்டாலும் நாம் விலை போட்டு எழுத வேண்டும். வீடியோக் குழு எடுத்ததைப் பார்த்து தேர்தல் அலுவலகத்தினரும் தனியாக ஒரு கணக்கு எழுதுவார்கள். பிரசாரத்துக்குள் மூன்று முறையாவது இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். நாற்காலி எண்ணிக்கைக்காக நான் போட்ட சண்டை தனிக் கதை.

ஆனால் இந்த நோட்டு மனு தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்போடு முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வேட்பாளராவது அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், கோயில் கொடையில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவில். வில்லுப்பாட்டுக்கு ஒரு தொகை, மைக் செட்டுக்கு ஒரு தொகை. சர்ச் அசனத்துக்கு, அதாவது ஊர் விருந்துக்கு, அரிசி மூட்டை. கபடிப் போட்டி என்றால் முதல் பரிசு. அண்ணாச்சி இப்படிக் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூட என் நோட்டில் ஏறவில்லை. ஏற வேண்டியதும் இல்லை, சட்டப்படியே.

அப்புறம்தான் கட்சியிடம் சீட் கேட்டுக் கொடுக்கும் விருப்ப மனு. அந்த வருஷம் அதற்குக் கட்டணம் திமுகவில் பொதுத் தொகுதிக்கு 25,000, அதிமுகவில் 15,000. தொகுதியில் எந்தச் சாதிக்கு எவ்வளவு ஓட்டு என்ற கணக்கு மேலிடத்தில் ஏற்கெனவே இருக்கும். ஒன்றியச் செயலாளர்கள் யார் பக்கம் என்பதும் தெரியும். அதனால் நேர்காணலில் அண்ணாச்சியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு இறக்க முடியும்? அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் வரிசையில் பின்னால்தான். பதில் சொன்னாலும், தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டால் எல்லாம் போச்சு.

பணம் எங்கிருந்து? பாதி சொந்தம், வாழைத் தோட்டத்தின் மேல் வாங்கிய கடனும் சேர்த்து. மீதி சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, செக்கோ வங்கிப் பரிமாற்றமோதான். கடைக்காரர்களுக்கோ பெயர் வெளியே வந்தால் எதிர்க்கட்சிக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். செக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றதை நான் பார்க்கவில்லை.

கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது. தலைவர் பாளையங்கோட்டைக்கு வந்து பேசினால், மேடையேறிய வேட்பாளர்கள் கூட்டச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மாவட்டத்தின் ஐந்து தொகுதிக்காரர்களும் ஏறினால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. ஒருவர் மட்டும் தலைவரோடு நின்றால் மொத்தமும் அவர் தலையில். கணக்கு எழுதுகிறவனைக் கேட்டால் மேடை நிறையட்டும் என்றுதான் சொல்வான்.

வாக்காளர் கைக்குப் போகும் பணத்துக்கு நோட்டில் பத்தியே இல்லை. 2024 ஏப்ரலில் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் சுமார் 4 கோடி ரூபாய் பிடிபட்டது நினைவிருக்கும். மக்களவை வேட்பாளருக்கு அப்போது மொத்த வரம்பே 95 லட்சம். 2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அதைப் பார்த்த ஊரில் கடைசி இரண்டு நாள் கையை இறுக்கிப் பிடி என்று எந்த வேட்பாளரிடமும் சொல்ல முடியாது.

முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம். எங்கள் கணக்கு வரம்பில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை.