கடன் பதிவேடும் கொல்லம் ஆண்டும்: கட்டளை வரியில் தேதிக் கணக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணினிப் பணி பார்க்கும் வாசகர் கேட்டிருப்பது இது. பிசான நெல் சாகுபடிக்குக் கொடுத்த கடன்களின் பட்டியல் எக்செல்லிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக வந்திருக்கிறது. அதில் தேதிகள் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் உள்ளன. உபுண்டு லினக்ஸில் பாஷ் ஸ்கிரிப்ட் (வரிசையாக இயங்கும் கட்டளைகளின் தொகுப்பு) எழுதி மூன்று மாதக் கெடுவையும் கெடு கடந்த நாட்களையும் கணக்கிட்டால், சில வரிகள் பிழை காட்டுகின்றன, சில வரிகள் பிழை காட்டாமலே தவறான விடை தருகின்றன. சங்கத்தின் பழைய ஈட்டுப் பத்திரங்களில் உள்ள கொல்லம் ஆண்டுத் (கேரளத்திலும் நெல்லைப் பக்கத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு) தேதிகளையும் அதே பட்டியலில் ஏற்ற வேண்டும், அதற்கு என்ன வழி என்றும் கேட்கிறார்.

பிழை காட்டும் வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும். ஆபத்து மற்ற வரிகளில்தான் இருக்கிறது. லினக்ஸில் உள்ள குனு டேட் கட்டளைக்கு மைனஸ் டி தெரிவின் வழியாக எந்தத் தேதியைக் கொடுத்தாலும், அது தனக்குத் தெரிந்த வடிவங்களில் ஒன்றாக அதைப் படிக்க முயலும். சாய்கோடு இட்டு 05/06/2024 என்று கொடுத்தால், அமெரிக்க வழக்கப்படி முதல் எண்ணை மாதமாகக் கொண்டு மே 6 என்று படிக்கும். 13/06/2024 என்றால் 13ஆம் மாதம் இல்லாததால் மறுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்திலும் 12ஆம் தேதி வரையிலான வரிகள் இடம் மாறிய மாதத்தோடு உள்ளே போக, 13 முதலானவை மட்டும் பிழையாக நிற்கும். ஹைபன் இட்டு 05-06-2024 என்று கொடுத்தால் முதல் எண்ணை ஆண்டாகக் கொண்டு, 2024ஆம் நாள் இல்லையென்று மறுக்கும். அதே தேதியை யாரோ சுருக்கி 05-06-24 என்று தட்டியிருந்தால், 2005ஆம் ஆண்டு ஜூன் 24 என்று தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். 2024இல் கொடுத்த கடன் 19 ஆண்டுப் பழைய பாக்கியாகிவிடும்.

ஆகவே கட்டளையை ஊகிக்க விடாதீர்கள். தேதி நெடுவரிசையை ஹைபனில் பிரித்து மூன்று மாறிகளில் வாங்கி, ஆண்டு நான்கு இலக்கம் உள்ளதா என்று சோதித்து, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் நீங்களே அடுக்கி, அதன் பிறகே டேட் கட்டளையிடம் கொடுங்கள். இந்த வடிவத்தில் ஐயத்துக்கு இடமில்லை. 2023-02-29 போன்ற இல்லாத நாளையும் அது மறுத்துவிடும். சாதாரண எழுத்து வரிசைப்படுத்தலே கால வரிசையாக அமைந்துவிடுவது கூடுதல் ஆதாயம். மாத எண்ணைக் கொண்டு பாஷிலேயே கூட்டல் கழித்தல் செய்தால் 08, 09 ஆகியவற்றில் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், ஏனெனில் சுழியில் தொடங்கும் எண்ணைப் பாஷ் எட்டடிமான எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே உள்ள எண்ணாகக் கொள்கிறது. எண்ணுக்கு முன் 10-உம் ஹாஷ் குறியும் (10#08 என்பதுபோல) சேர்த்தால் போதும்.

அடுத்தது மூன்று மாதக் கெடு. 2024 நவம்பர் 30 அன்று கொடுத்த கடனுக்கு மூன்று மாதம் கூட்டச் சொன்னால், குனு டேட் மாத எண்ணை மட்டும் கூட்டிப் பிப்ரவரி 30 என்று வைத்து, அப்படி ஒரு நாள் இல்லாததால் மிகுந்த இரண்டு நாளை முன்னே தள்ளி 2025 மார்ச் 2 என்று விடை தரும். மேக் கணினியில் உள்ள டேட் கட்டளை இதே கணக்குக்குப் பிப்ரவரி 28 என்று சொல்லும், விண்டோஸின் பவர்ஷெல்லும் அப்படியே சொல்லும். எது சரி என்பதைக் கணினி தீர்மானிக்க முடியாது. அது சங்கத்தின் விதியைப் பொறுத்தது. செயலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மாதக் கடைசியில் நிற்க வேண்டும் என்பதே விதியானால், கடன் கொடுத்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து மூன்று மாதம் கூட்டுங்கள். முதல் தேதி எல்லா மாதத்திலும் உண்டு என்பதால் இது பிசகாது. அங்கிருந்து ஒரு மாதம் கூட்டி ஒரு நாள் கழித்தால் கெடு மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். கடன் கொடுத்த நாளின் எண், இந்தக் கடைசி நாளின் எண் ஆகிய இரண்டில் சிறியதே கெடுவின் நாள்.

தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. காலை 10 மணி என்ற நேரத்துக்குப் பின்னால் கூட்டல் குறியிட்டு ஏழு நாட்கள் என்று எழுதினால், அந்தக் கூட்டல் ஏழை நேர மண்டலமாகவும் மிச்சமுள்ள சொல்லை ஒரே ஒரு நாளாகவும் கட்டளை படித்துக்கொள்ளும். 2025 ஜனவரி 10 காலை 10 மணிக்கு ஏழு நாள் கூட்டினால் ஜனவரி 17 வராது, ஜனவரி 11 காலை 8.30 வரும். கடன் கணக்குக்கு மணி தேவையில்லை என்பதால் நேரத்தை வெட்டிவிடுவதே உத்தமம். தேவைப்பட்டால் நேரத்தை அடுத்து +0530 என்று மண்டலத்தை வெளிப்படையாக எழுதிவிட்டு, பிறகு நாட்களைக் கூட்டலாம்.

கெடு கடந்த நாட்களுக்கு, இரு தேதிகளையும் 1970 ஜனவரி 1 முதலான நொடிகளாக மாற்றிக் கழித்து 86400ஆல் வகுங்கள். அப்போது மைனஸ் யு தெரிவைச் சேர்த்து உலகப் பொது நேரத்திலேயே கணக்கிடுங்கள். நம் ஊரில் கோடைகால நேர மாற்றம் இல்லையே, இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தன. கணினியின் நேர மண்டலக் கோப்பில் அது பதிவாகியுள்ளது. 1941இலிருந்து 1944 வரை இந்திய நேரத்தில் நாள் எண்ணினால் ஒரு மணி குறைந்து, வகுத்தலில் ஒரு நாளே காணாமற்போகும். பழைய பத்திரங்களைக் கையாளும் உங்களுக்கு இது நேரக்கூடியதே.

இனி கொல்லம் ஆண்டு. இதற்கு ஆயத்தக் கட்டளை எதையும் தேட வேண்டாம், உங்கள் ஸ்கிரிப்டிலேயே அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் இந்த ஆண்டு ஆவணி முதல் நாளில் பிறக்கிறது. வட மலபாரில் அது கன்னி மாதத்தில், அதாவது நம் புரட்டாசியில் பிறக்கும் என்பதால், அந்தப் பக்கத்து விதியை இங்கே பொருத்திவிடக் கூடாது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824ஐயும், அதன் பின் ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளம் 1099 ஆடியில் வந்தது. 825 கூட்டினால் 1924 ஜூலை சரியாக வரும். பத்திரத்தில் தமிழ் ஆண்டின் பெயரும் இருந்தால் அதையும் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1099 பங்குனி ருத்ரோத்காரியிலும், அதே 1099இன் ஆடி அடுத்த ஆண்டான ரக்தாட்சியிலும் விழும்.

ஆண்டைவிட நாள்தான் தொல்லை. தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை மாறுபடும். பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளமாக இருப்பதால், மாதப் பிறப்பு சுமார் 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் முன்னே நகர்கிறது. இப்போது ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பிறக்கும் சித்திரை, 1800களின் தொடக்கத்தில் ஏப்ரல் 11ஐ ஒட்டிப் பிறந்தது. அதனால் இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டாமல், அந்தந்த ஆண்டின் மாதப் பிறப்பு தேதிகளைப் பழைய பஞ்சாங்கங்களிலிருந்து எடுத்து ஒரு சிஎஸ்வி கோப்பில் சேருங்கள். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது, மாதப் பிறப்பு தேதியைத் தேடி எடுத்து, பத்திரத்து நாளில் ஒன்றைக் குறைத்துக் கூட்டுவது மட்டுமே. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த செங்கோட்டையின் பத்திரங்களுக்குத் தனி அடையாளம் இடுங்கள். மாதப் பிறப்பைக் கணிப்பதில் மலையாள வழக்குக்கும் தமிழ் வழக்குக்கும் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபாடு வரும்.

மாதமும் நாளும் அழிந்து கொல்லம் ஆண்டு மட்டும் தெரியும் பத்திரங்களுக்கு ஏதேனும் ஒரு நாளைப் போட்டு நிரப்பாதீர்கள். பட்டியலில் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு நெடுவரிசைகளை வைத்து, முதலாவதில் அந்த ஆண்டின் ஆவணி முதல் தேதியையும் இரண்டாவதில் ஆடிக் கடைசித் தேதியையும் ஏற்றுங்கள். நாள் எண்ணும் ஸ்கிரிப்ட், இரண்டும் ஒன்றாக உள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.