காவல்துறை வயர்லெஸ் குறியாக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்துக் காவல்துறையின் வயர்லெஸ் பேச்சைக் கேட்டு வந்தவர்களுக்கு இப்போது ஒன்றும் புரிவதில்லை என்கிறார்கள். புதிய டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: பேச்சு டிஜிட்டலாக மாறியது ஒன்று, அது குறியாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி மாற்றப்பட்டது, வேறொன்று. அங்குள்ள காவல்துறைகள் பரவலாகப் பயன்படுத்தும் பி25 என்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில் செல்லும் குரலை அதற்கேற்ற ஸ்கேனர் இருந்தால் கேட்கலாம். அதன்மேல் 256 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கமும் சேர்ந்துவிட்டால், அதே ரகசியச் சாவி ஏற்றப்பட்ட வயர்லெஸ் கருவியைத் தவிர வேறு எந்தக் கருவியாலும், அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், பேச்சை மீட்க முடியாது. எந்தெந்த அலைவரிசைகள் இப்படிக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டுள்ளன என்று விசாரித்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: இப்படிக் கேட்பது சட்டப்படி குற்றமில்லையா?

பதில்: பூட்டப்படாத காவல்துறை அலைவரிசையைக் கேட்பதற்கு 1986ஆம் ஆண்டின் அமெரிக்க மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் இடமளிக்கிறது. குறியாக்கத்தை உடைத்துக் கேட்பது குற்றம். வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருப்பதைச் சில மாநிலங்கள் கட்டுப்படுத்துகின்றன.

கேள்வி: பொதுமக்களின் அந்தரங்கத்தைக் காக்கவே குறியாக்கம் என்று காவல்துறை சொல்கிறது. இது நியாயமான காரணம்தானே?

பதில்: காரணம் நியாயமானது, அதற்காக எடுத்த முடிவு அளவு மீறியது. ஒரு காவலர் வாகனத்தை நிறுத்தி, ஓட்டுநர் உரிம எண்ணை வயர்லெஸில் வாசிக்கிறார். மறுமுனையில் கட்டுப்பாட்டு அறை அந்த ஓட்டுநரின் பெயரையும் பிறந்த தேதியையும் முகவரியையும் உரக்கச் சொல்கிறது. குற்றமே செய்யாத ஒருவரின் விவரங்கள் இப்படி ஊரறியப் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். இதைத் தடுக்கவே கலிஃபோர்னியா மாநில நீதித்துறை 2020 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அது இரண்டு வழிகளைக் காட்டியது: குறியாக்கம் செய்யலாம், அல்லது தனிநபர் விவரங்கள் திறந்த அலைவரிசையில் போகாதபடி நடைமுறையை மாற்றிக்கொள்ளலாம். பல காவல்துறைகள் முதல் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டன. பாலோ ஆல்ட்டோ நகரம் 2021 ஜனவரியில் அப்படித்தான் பூட்டியது; மக்களும் பத்திரிகையாளர்களும் தொடர்ந்து கேட்டதன் பேரில் 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. பெயர் விவரங்களைத் தொலைபேசியிலோ வாகனக் கணினியிலோ பார்த்துக்கொள்ள முடியும் எனும்போது ஓர் அலைவரிசை முழுவதையும் மூட வேண்டிய அவசியம் என்ன?

கேள்வி: குற்றவாளிகளும் கேட்பார்களே? தேடுதல் வேட்டையின்போது காவலர்கள் நிற்கும் இடம் வெளியே தெரியலாமா?

பதில்: தெரியக்கூடாது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை அடுத்து நடந்த தேடுதலில், தங்கள் நிலைகளை வெளியிட வேண்டாம் என்று காவல்துறையே வேண்டிக்கொண்டது. அந்தத் தேடுதலின்போதே, வயர்லெஸில் கேட்டதாகச் சொல்லித் தொடர்பே இல்லாத ஒருவரின் பெயரை இணையத்தில் பரப்பினார்கள். முதல் அழைப்பில் வருவது உறுதிப்படாத தகவல் என்பதைக் கேட்பவர்கள் மறக்கவே கூடாது. என்றாலும், அதிரடிப் படைக்கும் ரகசியக் கண்காணிப்புக்கும் தனி அலைவரிசை ஒதுக்கி அதை மட்டும் பூட்டிக்கொள்ள முடியும். ‘இன்ன தெருவில் விபத்து, ஒரு வாகனம் போகட்டும்’ என்ற அன்றாட அறிவிப்பைப் பூட்டுவதற்கு இந்த வாதம் பொருந்தாது.

கேள்வி: சமூக ஊடகத்திலும் குற்ற வரைபடத்திலும் காவல்துறையே தகவல் தருகிறதே, அது போதாதா?

பதில்: போதாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பக்கத்தில் எது வர வேண்டும், எப்போது வர வேண்டும், எந்தச் சொற்களில் வர வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது காவல்துறை. குற்ற வரைபடம் நாள் கடந்து வருவது. பிரிட்டன் காவல்துறையின் பொதுத் தரவுத்தளத்தில் தெருவாரி விவரங்கள் மாதந்தோறும்தான் சேர்க்கப்படுகின்றன, சம்பவம் நடந்த இடமும் தோராயமாகவே காட்டப்படுகிறது. போக்கை ஆராய அது நல்ல கருவி, ஆனால் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றும்போது பிள்ளையைப் பள்ளியிலிருந்து எந்த வழியாக அழைத்து வருவது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வாகனம் எப்போது புறப்பட்டது, அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லப்பட்டது என்பதையெல்லாம் நேரடியாகக் கேட்ட ஒருவரால்தான், மறுநாள் வரும் செய்திக்குறிப்பை அதனுடன் ஒப்பிட்டுக் கேள்வி எழுப்ப முடியும். உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் கவலைப்படுவது இதை எண்ணித்தான்.

கேள்வி: தாமதமாக ஒலிபரப்புவது நடுவழி ஆகாதா?

பதில்: சிகாகோ 2022இல் அந்த வழியில் இறங்கி, 30 நிமிடம் தாமதித்து ஒலியை வெளியிட்டது. பதிவு என்ற வகையில் அதற்குப் பயன் உண்டு. ஆபத்து நடக்கும் தெருவில் நிற்பவருக்கு அது பயனற்றது. கொலராடோ மாநிலமோ, முழுவதும் குறியாக்கம் செய்யும் துறைகள் ஊடகங்களுக்கான அணுகல் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் இயற்றியது. எனினும் ஊடகத்துக்கு மட்டும் திறக்கும் கதவு சாதாரணக் குடிமகனுக்கு மூடியே இருக்கும்.

கேள்வி: எங்கள் நகரில் எல்லாம் பூட்டியாகிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

பதில்: குறியாக்கம் செய்தாலும் கட்டுப்பாட்டு அறை உரையாடல்களைப் பதிவு செய்து வைப்பது வழக்கம். பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ் அந்த ஒலிப்பதிவையும் அழைப்புப் பட்டியலையும் கேட்டு விண்ணப்பியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஒலிப்பதிவுகள் அழிக்கப்படக்கூடும் என்பதால், தேதியும் நேரமும் இடமும் குறிப்பிட்டு உடனே எழுதுங்கள். பல்கலைக்கழக வளாகம் என்றால், வளாகக் குற்ற விவரங்களை வெளியிடச் சொல்லும் 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டப்படி அங்குள்ள காவல் பிரிவு அன்றாடக் குற்றப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கடைசி 60 நாள் பக்கங்களை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். நகர மன்றக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், ‘குறியாக்கம் வேண்டாம்’ என்று பொதுவாகச் சொல்லாமல், வாகனங்களை அனுப்பும் அன்றாட அலைவரிசையைத் திறந்துவிட்டுத் தனிநபர் விவரச் சரிபார்ப்பையும் அதிரடிப் பணிகளையும் மட்டும் பூட்டுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். பாலோ ஆல்ட்டோவின் அனுபவத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.