மாடல் ராக்கெட் விட ஆசை. ஆபத்தில்லாமல் எப்படித் தொடங்குவது? மோட்டாரை (ராக்கெட்டைத் தள்ளும் எரிமருந்துக் குழாயை) வீட்டிலேயே செய்யலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது. வீடியோ பார்த்து மருந்து கலக்கும் வேலையே வேண்டாம். ஆலையில் அடைத்து வரும் மோட்டார்தான். அதை வாங்கவும் பறக்கவிடவும் உங்கள் பகுதியில் அனுமதி தேவையா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ராக்கெட்டின் உடலும் காகிதம், பால்சா மரம், பிளாஸ்டிக் இவற்றோடு நிற்கட்டும். உலோகம் சேரக் கூடாது.

மோட்டார் மேல் ஏ8-3 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். எழுத்து, எரிந்து முடியும்வரை மோட்டார் தரும் மொத்தத் தள்ளலின் (கணத்தாக்கு) அளவு. ஒவ்வோர் எழுத்து தாண்டும்போதும் அதன் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும்வரை ஆகும் நொடிகள். நீங்கள் வாங்கும் ராக்கெட் கிட்டில் (பாகங்கள் அடங்கிய பெட்டியில்) 'சி' மோட்டார் வரை போடலாம் என்றிருந்தாலும் முதல் தடவை 'ஏ' போடுங்கள். கண்ணெதிரே ஏறி கண்ணெதிரே இறங்கும். 'சி' போட்டால் தேடி நடக்க வேண்டியதுதான்.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது பறந்த ராக்கெட் இல்லை, பறக்காத ராக்கெட். எண்ணி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். 'புஸ்' என்று நூலளவு புகை, அவ்வளவுதான். கால் தானாக அதை நோக்கிப் போனது. கூட வந்த அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "முதல்ல சாவியப் புடுங்குடா!" கன்ட்ரோலரின் (பொத்தான் இருக்கும் பற்றவைப்புக் கருவியின்) பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கிட்டே போகலாம். போய்ப் பார்த்தால், இக்னைட்டர் (மருந்தைப் பற்றவைக்கும் மின்கம்பி) மருந்தைத் தொடாமல் கீழே சரிந்து கருகியிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் அடைப்பானை நான் சரியாக அழுத்தவில்லை.

மற்றபடி, 'டி' வரையான மோட்டாருக்குக் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். காய்ந்த புல் இல்லாத திறந்த வெளி வேண்டும். காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு வேண்டாம். பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத காகிதத்தைத் தாராளமாகத் திணியுங்கள். நான் கஞ்சத்தனம் செய்த அன்று பாராசூட் உருகி உருண்டையாகி வந்தது.

மின்கம்பியில் சிக்கினால் அந்த ராக்கெட் போனது போனதுதான். குச்சியைத் தேடாதீர்கள்.