விளையாட்டுச் செய்தியில் வீரரின் கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுதலாமா, தவிர்ப்பதுதான் நல்லதா?

எழுதலாம். அவராகச் சொன்னாலோ செய்தாலோ எழுதத்தான் வேண்டும். கடலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகச் சில வருஷம் உள்ளூர்ப் போட்டிகளைப் பற்றி எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு கபடிப் போட்டி. தொடங்கும் முன் ஆடுகளத்தின் மூலையில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் 'போட்டி தொடங்கியது' என்ற வரியோடு வந்தது. யாருக்கும் அது மதமாகத் தெரியவில்லை, எனக்கும்தான். இறுதி ஆட்டத்தில் ஓ.டி. (கடலூர் பழைய நகரம்) பையன் ஒருவன் கடைசி ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, காலைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் வந்து விழுந்தான். எழுந்ததும் மேற்கே திரும்பி மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். நெற்றியில் மண் ஒட்டியிருக்க அவன் நிமிர்ந்த நொடிதான் அன்று நான் எடுத்ததிலேயே நல்ல படம். பேப்பரின் செய்தி டெஸ்க்கிலிருந்து போன் வந்தது: "இது வேணாம்பா, வம்பு. கோப்பை வாங்குற படம் இருந்தா அனுப்பு." அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பையனை டீக்கடையில் பார்த்தபோது, "அண்ணே, அந்தப் படம் வரலையே, நான் அப்படிப் பண்ணது தப்பா?" என்று கேட்டான். எனக்குப் பேச்சே வரவில்லை. நான் அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும்.

பெரிய விளையாட்டிலும் இதுதான் நடக்கிறது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1964-இல் இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் பல அமெரிக்கப் பத்திரிகைகள் வருஷக்கணக்கில் காசியஸ் கிளே என்றே எழுதின. அவர் யாரென்று அவரே சொன்னதை ஏற்க மனமில்லை. 2025 மகளிர் கிரிக்கெட் உலகக்கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் இலக்கைத் துரத்தி 127 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸ், முதலில் இயேசுவுக்கு நன்றி சொன்னார், அந்தத் தொடர் முழுக்க அழுததையும் பதற்றத்தையும் பற்றிப் பேசினார். நம்பிக்கையை வெட்டிவிட்டு அழுகையை மட்டும் எழுதினால் அவர் சொன்னதில் பாதிதான் வாசகனுக்குப் போய்ச் சேரும்.

வீரர் சொல்லாததைத் தோண்டுவது வேறு. அதே ஆண்டு சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் முகமது ஷமி ஆட்டத்தின் நடுவே ஏதோ பானம் குடித்தார். ரம்ஜான் மாதம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதபோதே நோன்பு இருந்தாரா இல்லையா என்று டிவியில் விவாதம் வைத்தார்கள். அன்று துபாய் வெயிலில் அவர் எடுத்த 3 விக்கெட் எங்கேயோ போய்விட்டது. நோன்பு அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது, அதில் நிருபருக்கு என்ன வேலை?

நான் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் வீரரிடமே "தம்பி, இதை எழுதலாமா?" என்று கேட்பேன். எழுதுங்க என்றால் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவேன், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவேன். தேங்காய் உடைத்த குழுவிடமும் இதையேதான் கேட்டேன்.