கடலூருக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் ‘கடலூர்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 என்று வருகிறது. இருப்பது நான்கு எழுத்துதானே, என் நிரலில் என்ன பிழை?
– கணினி அறிவியல் மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் நிரலில் பிழையில்லை. பைத்தான் நீளமாக எண்ணுவது கண்ணில் தெரியும் எழுத்துகளை அல்ல, அவற்றுக்குரிய குறியீட்டு எண்களை. இந்திய மொழி எழுத்துகளுக்கென இந்தியாவில் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையைத் தழுவிய யூனிகோட் (உலக மொழி எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரம்), 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ‘ல’, ‘ர’ போன்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், ஊகாரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்களும் வழங்கியிருப்பதால், ‘லூ’, ‘ர்’ இரண்டும் இரண்டிரண்டாக எண்ணப்படுகின்றன. சொல்லைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: புள்ளி முதலில் தனித்து நிற்க, ஊகாரக் குறி ‘ல’வை விட்டு ‘ர’வோடு ஒட்டி ‘ரூ’ ஆகிவிடும். தமிழ்ச் சொல் விளையாட்டு எழுத முனைவோர் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. பைத்தானுக்கான ‘ரீஜெக்ஸ்’ (regex) என்னும் கூடுதல் தொகுப்பை நிறுவி, பின்சாய்கோட்டுடன் பெரிய எக்ஸ் சேர்ந்த குறியால் (\X) தேடினால், கண்ணில் தெரியும் நான்கு எழுத்துகளும் முழுமையாகக் கிடைக்கும்.