பழைய பைக்குக்கு வீட்டிலேயே எஃப்ஐ: கேள்வியும் பதிலும்

100 முதல் 200 சீசீ வரையான ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் காபரேட்டர் பைக்குகளைப் பற்றித்தான் பதில் சொல்கிறேன். எஃப்ஐ என்றால் காபரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரால் பெற்றோலை அடிக்கும் முறை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் இடம். ஈசியு, அதாவது எவ்வளவு பெற்றோல் அடிப்பது என்று தீர்மானிக்கும் கணினி, இங்கே ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடுவது, லப்டொப்பில் டியூனர் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் செட் பண்ணுவது. விலை சொல்லமாட்டேன், பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை மாறும்.

வெள்ளவத்தை: அண்ணா, என்னட்ட சீஜீ125 ஒண்டு இருக்கு. த்ரொட்டில் பொடி, இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் பார்த்து வச்சிட்டன். எதில தொடங்கட்டும்?

பதில்: வாங்குவதை நிறுத்திவிட்டு சார்ஜிங்கில் தொடங்குங்கள், தம்பி. வீட்டில் செய்த எஃப்ஐ பாதி வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மென்பொருள் இல்லை, கரண்ட் போதாமைதான்.

கணக்கு இப்படி. சின்னப் பம்ப் சுமார் 2 அம்பியர். ஈசியுவும் இன்ஜெக்டரும் சேர்ந்து 1. ஒக்சிசன் சென்சரின் ஹீட்டர் இன்னொரு 1. 35 வாட் ஹெட்லைட் கிட்டத்தட்ட 3. பிரேக்கை அமத்தினால் பின் லைட் 21 வாட். வோல்டேஜ் இறங்கினால் பம்பும் மெதுவாகும், இன்ஜெக்டர் திறக்கப் பிடிக்கும் நேரமும் கூடும். 13.5 வோல்டில் 1 மில்லி செக்கனில் திறக்கும் இன்ஜெக்டர் 10 வோல்டில் அதைவிடக் கனநேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பெற்றோல் போகாது, கலவை மெலியும், எஞ்சின் இருமும். நீங்கள் ஈசியுவின் பெற்றோல் அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், பிழை அங்கே இருக்காது.

சோதிக்கும் விதம்: பற்றரியின் இரு முனைக்கும் 55 வாட் எச்4 பல்ப் ஒன்றைக் கொழுவுங்கள். வரப்போகும் எஃப்ஐ சுமைக்கு அது ஈடு. ஹெட்லைட்டையும் போட்டு, மல்டிமீற்றரைப் பற்றரி முனையிலேயே வையுங்கள். ஐடிலில் 12.5க்குக் குறையாமலும் 3000 ஆர்பிஎம்மில் 13.5க்குக் குறையாமலும் பத்து நிமிடம் நின்றால் மற்றச் சாமானை வாங்கலாம்.

நிற்காவிட்டால்? பழைய சின்னப் பைக்குகள் பலவற்றில் லைட்டிங் சுருளின் ஒரு முனை எஞ்சின் உடம்பில் எர்த். அதனால் அலையில் பாதிதான் பற்றரிக்குப் போகிறது. கவரைக் கழற்றி, அந்த எர்த் முனையின் ஈயப் பற்றை விடுவித்து, சூடும் ஒயிலும் தாங்கும் வயரில் வெளியே எடுங்கள். இரண்டு முனையும் புல் வேவ் ரெகுலேட்டர் ரெக்டிபையருக்குப் போக வேண்டும். ஹெட்லைட்டை டீசீ பக்கம் மாற்றி எல்ஈடி போடுங்கள். ஒரு கவனம்: ஸ்பார்க் கொடுக்கும் பெட்டியான சீடிஐக்குப் போகும் சோர்ஸ் கொயிலின் எர்த்தும் அதே ஈயப் பற்றில் சேர்ந்திருக்கலாம். அதை மட்டும் திரும்ப உடம்பில் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்பார்க் வராது.

கிராண்ட்பாஸ்: 6 வோல்ட் பைக்குக்குச் செய்ய ஏலுமா?

பதில்: முதலில் 12 வோல்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு வாருங்கள்.

கொட்டாஞ்சேனை: கார் இன்ஜெக்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, நிமிடத்துக்கு 250 சீசீ. 125க்குப் போடலாமா? பெரிது நல்லதுதானே?

பதில்: போடவேண்டாம். 125 சீசீ எஞ்சின் 8 கிலோவாட் தரும் என்று வையுங்கள். முழுத் த்ரொட்டிலில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 380 கிராம் என்றால் மணிக்கு 3 கிலோ பெற்றோல், அதாவது நிமிடத்துக்கு 68 சீசீ. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, ஆகவே 85 சீசீ போதும். 85 முதல் 120க்குள் இருப்பதைத் தேடுங்கள். 110, 125 எஃப்ஐ பைக்குகளின் இன்ஜெக்டர் இந்த அளவில்தான் வரும்.

250இல் என்ன கெடும்? ஐடிலில் ஒரு சுழற்சிக்கு (இரண்டு சுற்று) வேண்டியது 4 மில்லிகிராம் அளவுதான். கேம் சென்சர் இல்லாததால் ஈசியு ஒவ்வொரு சுற்றுக்கும் அடிக்கும், அதுவும் பாதியாகும். திறக்கும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் 0.7 மில்லி செக்கனுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய துடிப்பில் எந்த இன்ஜெக்டரும் ஒவ்வொரு தரமும் ஒரே அளவு விடாது, ஐடில் ஏறி இறங்கும்.

ஓம் மீற்றரால் அளந்தும் பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் நேரே ஈசியுவில் கொடுக்கலாம். 2, 3 ஓம் என்றால் தொடரில் ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் ஈசியுவில் இன்ஜெக்டரை ஓட்டும் டிரைவர் எரியும்.

தெஹிவளை: எவ்வளவு மைலேஜ் கூடும்?

பதில்: ஜெட் சரியாக இருக்கும் காபரேட்டரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். மைலேஜுக்காக மட்டும் என்றால் நீடில் கிளிப்பை ஒரு படி மாற்றிப் பாருங்கள், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குங்கள், அத்தோடு விடுங்கள். எஃப்ஐயின் லாபம் வேறு: காலையில் ஒரே உதையில் பிடிப்பது, த்ரொட்டில் திறந்தவுடன் தயங்காமல் இழுப்பது, மலைநாடு ஏறும்போது புகையாமல் இருப்பது.

தெமட்டகொட: பம்பை டாங்கிக்குள் வைக்க ஓட்டை வெட்டி ஃபிளாஞ்ச் வெல்ட் பண்ணப் போறம். தண்ணி ஊத்திக் கழுவினா காணும்தானே?

பதில்: காணாது. பெற்றோல் இருந்த டாங்கியில் வெல்டிங் கம்பி பட வேண்டாம். மடிப்புத் தையலுக்குள்ளும் துருவுக்குள்ளும் இருக்கும் பெற்றோல் கழுவினாலும் போகாது, சூடு பட்டதும் ஆவியாகும், டாங்கி வெடிக்கும். ஆள் சாகும் வேலை இது.

வெல்டிங்கே தேவையில்லை. வெளியில் வைக்கும் பம்பைப் பெற்றோல் திறப்புக்கு (டாங்கியின் அடியில் இருக்கும் டெப்) கீழே, டாங்கியின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாகப் பொருத்துங்கள். இந்தப் பம்புகள் தள்ளுமே தவிர உறிஞ்சாது. பம்புக்கு முன்னால் பரும்படி வடிகட்டி, பின்னால் 10 மைக்ரோன் எஃப்ஐ வடிகட்டி, அடுத்து 3 பார் ரெகுலேட்டர். திரும்பும் பெற்றோலுக்குப் பெற்றோல் மட்டத்துக்கு மேலே பல்க்ஹெட் பிற்றிங் ஒன்று. டாங்கியைக் காலியாக்கித் தண்ணீர் நிரப்பி, கையால் சுற்றும் டிரில்லால் துளைத்து, உள்ளே எட்டி நட் இறுக்கலாம். பெற்றோல் திறப்பின் வாய் சிறியதாக இருந்தால் வடிகட்டியோடு கூடிய பெரிய துளைத் திறப்பு ஒன்றை மாற்றுங்கள்.

ஹோஸ் விஷயம் எல்லாருக்கும்: பம்புக்குப் பிறகு ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸ் மட்டும். காபரேட்டர் ஹோஸ் 3 பாரில் முதல் நாள் தாங்கும், சூட்டில் ஊறிய பிறகு சைலன்சருக்கு மேலேயே பிளக்கும். கிளிப்பும் பல் வெட்டிய புழுக் கிளிப் வேண்டாம், முழு வளையமாகப் பிடிக்கும் எஃப்ஐ கிளிப் போடுங்கள். எஞ்சின் நின்றதும் ஈசியு பம்பை நிறுத்த வேண்டும், பைக் சரிந்தால் நிறுத்தும் டிப் ஓவர் சுவிட்சும் வேண்டும். சாவியில் நேரே பம்பைக் கொழுவினவர்கள் இன்றைக்கே கழற்றுங்கள்.

பம்பலப்பிட்டி: ஃபிளைவீலில் ஏற்கனவே சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் பல்சர் கொயில் ஒன்று இருக்கே, அது போதாதா?

பதில்: பெற்றோலை மட்டும் ஈசியு பார்த்து, ஸ்பார்க்கைப் பழைய சீடிஐயிடம் விட்டால் போதும். முதல் கட்டத்தில் அப்படித்தான் செய்யச் சொல்வேன், ஏனென்றால் பிடிக்காவிட்டால் பிழை பெற்றோல் பக்கம் என்று உடனே தெரியும். ஸ்பார்க்கையும் ஈசியுவுக்குக் கொடுப்பதானால் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு காணாது. கிக் அடிக்கும்போது ஒற்றை சிலிண்டரின் வேகம் ஒரே சுற்றுக்குள் கூடிக் குறையும், ஸ்பார்க் பாகை தவறும், கிக் காலில் திருப்பி அடிக்கும். லேத் பாஸிடம் 12 பல்லில் ஒன்று குறைந்த இரும்பு வட்டு வெட்டுவித்து, ஹோல் சென்சரை 1 மில்லிமீற்றர் இடைவெளியில் வையுங்கள்.

வத்தளை: ஆர்எக்ஸ்100க்குச் செய்து தர ஏலுமா அண்ணா?

பதில்: டூ ஸ்ட்ரோக்கை விடுங்கள். ஐடிலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுத்தான் எரியும், எரியாத காற்றைப் பார்த்து ஒக்சிசன் சென்சர் மெலிவு என்று பொய் சொல்லும், பிறகு ஒயில் அதை மூடும். கேடீஎம் 2018 மொடலில் செய்தது, ட்ரான்ஸ்பர் பாதைக்குள் இன்ஜெக்டரை வைத்து, ஒயிலுக்குத் தனிப் பம்ப் போட்டு. அது வீட்டு வேலை இல்லை. உங்கள் காபரேட்டரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மருதானை: மைலேஜ் எவ்வளவு போகும் என்று சொல்லவில்லையே?

பதில்: தெஹிவளைக்குச் சொன்னதுதான்.

மட்டக்குளி: ஏன் எல்லாரையும் ஸ்பீடுயினோவில இழுக்கிறீங்கள்? நாங்கள் கராஜில எஃப்ஐ பைக்கின்ட ஈசியு, வயரிங், த்ரொட்டில் பொடி முழுசையும் பழசுக்கு மாத்துறம். லப்டொப்பே தேவையில்ல. ஒக்சிசன் சென்சர் தானே திருத்திக்கொள்ளும்.

பதில்: தானே திருத்துவது மெதுவான ஓட்டத்தில் மட்டும், அதுவும் ஓர் எல்லைக்குள். கொம்பனி போட்ட நரோபேண்ட் சென்சருக்கு கலவை 14.7க்கு (எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டுமே தெரியும். முழுத் த்ரொட்டிலில் ஈசியு அதைக் கேட்பதில்லை, தன் சொந்த அட்டவணைப்படி அடிக்கும். அந்த அட்டவணை வேறு கேம், வேறு அமுக்க விகிதம், வேறு சைலன்சருக்கு எழுதியது. காலி முகத்திடலில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. நீண்ட மேட்டில் முழுத் த்ரொட்டிலில் பத்து நிமிடம் பிடித்தால் பிஸ்டன் சொல்லும்.

மட்டக்குளி: ஒரே குடும்ப எஞ்சினுக்குத்தான் நாங்கள் செய்யிறது. 150இன் காபரேட்டர் வகைக்கு அதே 150இன் எஃப்ஐ செட். ஃபிளைவீல், ஸ்டேட்டர், பல்சரும் சேர்த்து மாத்துறம். கலவை விகிதத்தை எண்ணாக் காட்டுற வைட்பேண்ட் சென்சர் வச்சு அளந்ததில முழுத் த்ரொட்டிலில 13.1.

பதில்: அப்படியானால் சரி, அதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஃபிளைவீலும் பல்சரும் சேர்த்து மாற்றினால்தான் பல்லின் எண்ணிக்கையும் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) பாகையும் ஈசியு எதிர்பார்ப்பதோடு பொருந்தும். ஸ்டேட்டரும் எஃப்ஐக்குரியது என்பதால் சார்ஜிங் பிரச்சினையும் தீர்கிறது. காபரேட்டர், எஃப்ஐ இரண்டு வகையிலும் வந்த எஞ்சினுக்கு உங்கள் வழி என்னுடையதைவிட நல்லது. சீஜீ125க்கு வேறு குடும்ப 150இன் ஈசியுவை வைப்பவருக்குத்தான் என் எதிர்ப்பு.

மட்டக்குளி: அதுக்கும் வழி இருக்கு. ரெகுலேட்டர் அமுக்கத்தை 3இல இருந்து 3.6க்குக் கூட்டினா கலவை கனக்கும்.

பதில்: எவ்வளவு கனக்கும் என்று பாருங்கள். பெற்றோல் ஓட்டம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு கூடுவது. அமுக்கம் 20 வீதம் கூடினால் பெற்றோல் 10 வீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகவே கூடும். மெதுவான ஓட்டத்தில் ஒக்சிசன் சென்சர் அந்த மேலதிகத்தைத் திரும்ப வெட்டிவிடும், முழுத் த்ரொட்டிலில் மட்டும் மிஞ்சும். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் சில ஈசியுக்கள் மெதுவான ஓட்டத்தில் கற்ற திருத்தத்தை முழுத் த்ரொட்டிலுக்கும் கொண்டுபோகும். அப்போது நீங்கள் கூட்டிய 10 வீதத்தை அதுவே கழித்துவிடும், அதுவும் முதல் நாள் இல்லை, சில நாள் ஓடிய பிறகு.

பொரளை: இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல், எது சரி என்று எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

பதில்: இரண்டு வழிக்கும் ஒரே சோதனை. எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் ஒன்றைச் சைலன்சர் பைப்பில், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 பாகை மேலே சரித்துப் பொருத்துங்கள், தண்ணீர் தேங்கினால் உள்ளே பீங்கான் வெடிக்கும். நான்காம் கியரில் 4000 ஆர்பிஎம்மில் இருந்து முழுத் த்ரொட்டில். 12.5 முதல் 13 அளவில் நின்றால் நல்லது. 13.5ஐத் தாண்டினால் உடனே மூடுங்கள். ஓடி ஒரு வாரமான செட்டை ஒரு தடவை மறுபடி அளந்துவிடுங்கள், மட்டக்குளித் தம்பி. 13.1 அப்படியே நின்றால் என் சந்தேகமும் தீரும்.

மட்டக்குளி: அளந்து சொல்றன்.

நாரஹேன்பிட்டி: நுவரெலியாவுக்கு அடிக்கடி போவேன். இன்டேக் அமுக்கம் பார்க்கும் மேப் சென்சரை வைத்தா, த்ரொட்டில் நிலையை வைத்தா செட் பண்ணுவது?

பதில்: ஒற்றை சிலிண்டரில் இன்டேக் அமுக்கம் ஒவ்வொரு சுழற்சியிலும் துள்ளும், அதை மட்டும் நம்பினால் ஐடில் நிற்காது. த்ரொட்டில் நிலை முறைதான் லேசு. அட்டவணையின் த்ரொட்டில் வரிசையை அடியில் நெருக்கி வையுங்கள்: 0, 2, 4, 6, 9, 13, 20, 30, 45, 70, 100. பெரிய மாற்றம் எல்லாம் முதல் 10 வீதத்துக்குள்.

ஆனால் அந்த முறைக்கு உயரம் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே காற்றமுக்கம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீடுயினோ சாவி போட்டதும் மேப் சென்சரை வாசித்து வெளிக் காற்றமுக்கமாக எடுத்துக்கொள்ளும், ஆகவே மேப்பைக் கழற்றாதீர்கள். ஒரே மூச்சில் ஏறுவதானால் கினிகத்தேனையில் ஒருதடவை நிறுத்தி, சாவியை மூடித் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் வெளிக் காற்றமுக்கத்துக்குத் தனி பரோ சென்சர் ஒன்று போடுங்கள்.

கல்கிசை: 5000 ஆர்பிஎம் தாண்டினால் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஐடிலில் பிரச்சினை இல்லை.

பதில்: டியூனர் ஸ்டூடியோவின் பதிவில் சிங்க் இழந்த (ஈசியு பல்லின் கணக்கைத் தவறவிட்ட) எண்ணிக்கை ஏறுகிறதா? ஏறினால் ஸ்பார்க்கின் இரைச்சல் சென்சர் வயருக்குள் போகிறது. டி8ஈஏ பிளக் இருந்தால் டிஆர்8ஈஏ போடுங்கள், 5 கிலோ ஓம் கப்பும் போடுங்கள். சென்சர் வயரை ஷீல்ட் உள்ளதாக மாற்றி, ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கள். ஈசியுவின் எர்த்தைப் பைக்கின் சட்டத்தில் இல்லை, எஞ்சினில் கொடுங்கள். கடலோரமாதலால் கொனெக்டர்களைக் கழற்றிப் பச்சைப் பூஞ்சு பாருங்கள், ரப்பர் முத்திரை உள்ளவையே வேண்டும்.

தெமட்டகொட: பம்ப் வச்சாச்சு. மிச்சம் இருந்த காபரேட்டர் ஹோஸையே ரண்டு கிளிப் போட்டு இறுக்கினன், காணும்தானே?

பதில்: கழற்றுங்கள். கிளிப் முனையைத்தான் பிடிக்கும், ஹோஸ் நடுவில்தான் பிளக்கும். ஆர்9.

மருதானை: ரெடிமேட் கிட் போட்டாலாவது மைலேஜ் கூடுமா?

பதில்: இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

கொம்பனித்தெரு: வாகனப் பதிவுப் புத்தகத்தில் மாற்றம் பதிய வேண்டுமா?

பதில்: நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள், சூடேறும் வரை ஈசியு மேலதிகப் பெற்றோல் கொடுக்கும், காபன் மொனொக்சைட் கூடக் காட்டும்.

வெள்ளவத்தை: பல்ப் சோதனை பாஸ், அண்ணா. இன்னொரு கேள்வி: கூட்டாளி ஒருவரின்ட பைக் த்ரொட்டில் மூடினதும் சைலன்சரில படபட எண்டு வெடிக்குது. பெற்றோல் கூட்டக் கூட்டக் கூடுது.

பதில்: பெற்றோலைத் தொடாமல் சைலன்சர் ஹெட்டில் சேரும் செப்பு வளையத்தைப் பாருங்கள். அங்கே கசிந்தால் வெளிக் காற்று உள்ளே போய் மிஞ்சின பெற்றோலை எரிக்கும், அந்தக் காற்றையே சென்சர் மெலிவு என்று வாசிக்கும், அட்டவணையைத் தானே திருத்தும் ஆட்டோடியூன் இன்னும் பெற்றோல் ஊற்றும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைத் துணியால் அரைவாசி மூடி, மூட்டில் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வரும். புது வளையம் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி, கெட்டுப்போன அட்டவணையைப் பழைய பிரதிக்குத் திருப்பி, பிறகு எரிபொருள் வெட்டைப் போடச் சொல்லுங்கள்: 2500 ஆர்பிஎம்முக்கு மேல், த்ரொட்டில் 1 வீதத்துக்குக் கீழ், 2000இல் திரும்ப வரட்டும்.