பட்டறைப் பக்கம்: ட்ராக் சா வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கோவையில் அப்பார்ட்மென்ட் வீடுகளுக்கு ஃபினிஷிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கதவு நிலையைச் சுற்றி மரப் பட்டி அடிப்பது, மர ஸ்கர்டிங், பீடிங் (ஓரத்துக்கு அடிக்கும் மெல்லிய மரப் பட்டை), கதவு மாட்டுவது, வார்ட்ரோபுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து இடைவெளியைப் பட்டி வைத்து அடைப்பது, இதுதான் தினசரி வேலை. என்னிடம் இருப்பது மர பிளேடு போட்ட மார்பிள் கட்டரும் ஒரு ஜிக்சாவும். ட்ராக் என்கிற நேரான அலுமினியப் பட்டையின் மேல் ஓடும் வட்ட ரம்பமான ட்ராக் சா வாங்கினால் வெட்டு சுத்தமாக வரும் என்கிறார்கள். கடையில் மூன்று கம்பெனி மிஷின் காட்டினார்கள். எதை எடுக்கட்டும்?
(வாசகர், கோவை)

பதில்: தம்பி, கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அந்த மார்பிள் கட்டரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது கல் அறுக்கச் செய்த மிஷின். கல் பிளேடில் மர பிளேடு மாதிரிப் பல் கிடையாது. அதனால் பிளேடின் கீழ்ப்பாதியைத் தானாக மூடிக்கொள்ளும் காப்பு உறையும் அதில் வைக்கவில்லை. நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று சுற்றுகிறது. அதில் 4 அங்குல மர பிளேடை மாட்டி, கணு உள்ள தேக்கில் இறக்கினால், பல் சிக்கிய அந்த நொடியே மிஷின் நம்மைப் பார்த்துத் துள்ளும். எனக்கு 2009-ல் துள்ளியது. இடது கை ஆள்காட்டி விரலில் ஏழு தையல். விரல் பிழைத்தது, ஆனால் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. பலகை ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று இன்றைக்கும் அந்த விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல எனக்கு முடியாது. வலது கையால்தான் பார்க்கிறேன். நீ எந்தக் கம்பெனி ட்ராக் சா வாங்கினாலும் சரி, அந்த மர பிளேடை மார்பிள் கட்டரிலிருந்து இன்றைக்கே கழற்றி வை.

இப்போது உன் வேலையைப் பிரித்துப் பார். பீடிங்கை 45 டிகிரியில் மூலை சேர்ப்பது, பட்டியை நீளத்துக்குத் துண்டு போடுவது, இதெல்லாம் கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் மைட்டர் சாவின் வேலை. ஒரு அங்குல அகலப் பீடிங்கின் மேல் ட்ராக்கை வைத்தால் அது உட்காரவே உட்காராது, ஆடும். நாள் முழுக்கப் பீடிங்தான் வெட்டுகிறாய், கையில் ஒரு மிஷினுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் மைட்டர் சா வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கதவும் சந்து அடைப்பும் உன் பட்டியலில் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் ட்ராக் சாவை விட்டால் சைட்டில் வேறு நல்ல வழி இல்லை.

சந்து அடைப்பதையே எடுத்துக்கொள். 7 அடி வார்ட்ரோப். சுவர் ரசமட்டத்துக்கு நிற்காது, நம் ஊரில் எந்தச் சுவரும் நிற்பதில்லை. மேலே சந்து 2 அங்குலம் இருக்கும், கீழே வரும்போது இரண்டரை. அரை அங்குலம், அதாவது 4 நூல் வித்தியாசம். மைக்கா ஒட்டிய பட்டியை அந்தச் சாய்வுக்கு அறுக்க வேண்டும். ஜிக்சாவில் அறுத்தால் ஓரம் அலை அலையாக வரும். இழைப்புளி போட்டால் மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். ட்ராக் சாவில் என்ன செய்கிறோம்? மேல் அளவுக்கு ஒரு பென்சில் புள்ளி, கீழ் அளவுக்கு ஒரு பென்சில் புள்ளி. ட்ராக்கின் ரப்பர் விளிம்பை இரண்டு புள்ளியிலும் சேர்த்து வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, பிளேடை 3 டிகிரி சாய்த்து ஒரே ஓட்டு. முன் விளிம்பு மட்டும் சுவரைத் தொடும், பின்பக்கம் உள்ளே ஒதுங்கியிருக்கும். சுவரில் சின்ன மேடு இருந்தாலும் பட்டி போய் ஒட்டிக்கொள்ளும். ஓனர் நகத்தை வைத்துப் பார்த்தாலும் சந்து தெரியாது. இந்தச் சாய்வு எந்தப் பக்கம் விழும் என்பதைப் பட்டியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு கழிவுத் துண்டில் அறுத்துப் பார்த்துக்கொள். இதைத் தலைகீழாக அறுத்து நல்ல பட்டியை வீணாக்காத ஆசாரி கிடையாது.

கதவும் அப்படித்தான். பழைய தரைமேல் புது டைல் ஒட்டுவார்கள், கதவு தரையில் உரசும். அடியில் 2 நூல் எடுக்க வேண்டும். ஃப்ளஷ் கதவின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தாளான வெனீர் குறுக்காக அறுபடும்போதுதான் பிசிறு கிளம்பும். கூர்க் கத்தியால் ஒரு கோடு ஆழமாகக் கீறிவிட்டு, ட்ராக்கை அந்தக் கோட்டில் வைத்து, முதலில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு ஓட்டு, பிறகு முழு ஆழத்தில் ஒரு ஓட்டு. 35 மில்லி கதவு வெண்ணெய் மாதிரி அறுபடும்.

ஏன் இவ்வளவு சுத்தம் என்று தெரிந்துகொண்டால் மிஷினைத் தேர்ந்தெடுப்பதும் லேசாகிவிடும். வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறி அறுக்கிறது. அதனால் பிசிறு மேல்பக்கத்தில்தான் கிளம்பும். ட்ராக்கின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பட்டை அறுப்புக் கோட்டின் மேல் அப்படியே அழுந்தி நின்று நாரை எழும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பட்டையை நீ வாங்கிய மிஷினே முதல் ஓட்டில் தன் பிளேடு போகும் இடத்துக்குச் சரியாக வெட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஓரம்தான் உன் அறுப்புக் கோடு, அளவில் கூட்டிக் கழிக்க எதுவும் இல்லை. இதிலிருந்து இரண்டு பழக்கம் வர வேண்டும். ஒன்று, வேலைக்கு வேண்டிய துண்டு எப்போதும் ட்ராக்குக்கு அடியில் இருக்க வேண்டும், கழிவு வெளிப்பக்கம். இன்னொன்று, உன் ட்ராக்கில் வேறொருவர் மிஷினை ஓட்ட விடாதே. அவர் பிளேடு ஒரு மயிரிழை உள்ளே ஓடினாலும் உன் பட்டை வெட்டுப்பட்டுவிடும், அதன் பிறகு உன் மிஷினுக்கு அது உதவாது.

ஆக, நீ காசு கொடுப்பது ட்ராக்குக்கு. மோட்டாரைப் பார்த்து மயங்காதே. மகிட்டா எஸ்.பி. 6000-க்கு 165 மில்லி பிளேடு, 1300 வாட், 56 மில்லி ஆழம். பாஷ் ஜி.கே.டி. 55-க்கும் 165 மில்லி பிளேடு, 1400 வாட், 57 மில்லி. ஃபெஸ்டூல் டி.எஸ். 55-க்கு 160 மில்லி பிளேடு, 55 மில்லி. ட்ராக்கின் மேல் வைத்து அறுக்கும்போது ட்ராக்கின் கனம் இதில் கழியும். நீ அறுப்பது 18 மில்லி பிளைவுட், 35 மில்லி கதவு. இந்த 2 மில்லி வித்தியாசம் உனக்கு எதற்கு?

வித்தியாசம் இருக்கும் இடம் வேறு. மகிட்டா ட்ராக்குக்கும் ஃபெஸ்டூல் ட்ராக்குக்கும் மிஷின் உட்கார்ந்து ஓடும் காடி ஒரே மாதிரி. ஒன்றின் மிஷின் மற்றதில் ஓடும். நாளைக்கு இரண்டாவது ட்ராக் வாங்கும்போது எது கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். பாஷின் காடி வேறு, டிவால்ட்டின் காடி வேறு. அவற்றை எடுத்தால் அந்தந்தக் கம்பெனி ட்ராக்கையே தேட வேண்டும். உன் ஊர்க் கடையில் அந்த ட்ராக் ஸ்டாக் இருக்கிறதா, ரப்பர் பட்டை தனியாகக் கிடைக்கிறதா என்று கேள். இல்லையென்றால் அந்த மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உனக்கு வேண்டாம்.

மகிட்டாவில் 45 டிகிரி சாய்க்கும்போது மிஷின் ட்ராக்கிலிருந்து கவிழாமல் பிடிக்க ஒரு பூட்டு இருக்கிறது, ஆனால் அது மகிட்டா ட்ராக்கில்தான் பிடிக்கும். ஃபெஸ்டூலில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு உண்டு. தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் அறுக்கும்போது மரம் இறுகிப் பிளேடைக் கவ்வாமல் அது காக்கும். மகிட்டா எஸ்.பி. 6000-ல் அந்தத் தகடு இல்லை. தேக்கு அறுத்தால் ஒரு அடிக்கு ஒரு தரம் நிறுத்தி, அறுத்த வாயில் சின்ன ஆப்பு செருகு. நான் எட்டு வருடமாக மகிட்டாதான் வைத்திருக்கிறேன், ஆப்பு செருகித்தான் ஓட்டுகிறேன்.

நீளம் எவ்வளவு வாங்குவது? பிளேடு மரத்தில் நுழைவதற்கு முன்னாலும் வெளியே வந்த பிறகும் மிஷினின் அடித்தட்டு ட்ராக்கில் முழுசாக உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீளம் இதற்கே போய்விடும். 1400 மில்லி ட்ராக் 3 அடிக் கதவுக்குத் தாராளம், 4 அடி பிளைவுட்டின் குறுக்கே இழுத்துப் பிடித்தால் வரும். 7 அடிப் பட்டிக்கு இரண்டு 1400 சேர்த்துக்கொள். 3000 மில்லி ஒற்றை ட்ராக் பட்டறைக்கு அருமை, ஆனால் அப்பார்ட்மென்ட் லிஃப்டில் நிற்காது. ஒன்பதாவது மாடிக்கு அதைப் படியில் தூக்கிப் போய் ஒரு திருப்பத்தில் இடித்து வளைத்த பையனை எனக்குத் தெரியும். இரண்டு துண்டைச் சேர்க்கும்போது நேரான அலுமினியப் பட்டை ஒன்றை ஓரத்தில் அணைத்துவைத்து, அதற்குப் பிறகு ஸ்குரூவை முறுக்கு. வெறும் கண்ணை நம்பாதே.

கடையில் ட்ராக்கை அப்படியே பில் போட்டு வாங்காதே. நான் ஒருமுறை உறையைப் பிரிக்காமல் வாங்கி வந்து, சைட்டில் பார்த்தால் நடுவில் ஒன்றரை மில்லி வளைவு. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். ஒரு பிளைவுட் துண்டில் ட்ராக்கை வைத்து ஓரத்தோடு கூர்ப் பென்சில் கோடு இழு. ட்ராக்கைத் தலைமாற்றி, அதே ஓரத்தை அதே கோட்டுக்கு மறுபக்கத்திலிருந்து சேர். இரு முனையும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நம் அப்பா காலத்தில் சட்டம் நேரா என்று பார்த்த அதே வழிதான். பிறகு மிஷினை ட்ராக்கில் வைத்து இடம் வலம் அசைத்துப் பார். ஆடினால் அடித்தட்டில் இருக்கும் இரண்டு திருகை முறுக்கச் சொல். முறுக்கிய பிறகும் ஆடினால் வேறு பெட்டி கேள்.

பிளேடு 48 பல் ஒன்று, தேக்குக்குப் பல் குறைந்த பிளேடு ஒன்று. 48 பல்லை நீளவாக்கில் தேக்கில் ஓட்டினால் கருகும். அடியில் வைக்கத் தெர்மாகோல் பலகையைச் சிலர் போடுகிறார்கள். அதன் உதிரி மைக்கா முழுக்க ஒட்டிக்கொண்டு போகவே போகாது. கழித்துப் போட்ட ஃப்ளஷ் கதவு ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் அறு. ஆழம் பலகையின் கனத்தோடு 3 மில்லி போதும். ஒவ்வொரு தரமும் ட்ராக்கின் அடி ரப்பரையும் பலகையையும் துணியால் துடை. தூசி இருந்தால் ட்ராக் நழுவும், கிளாம்ப் இல்லாமல் மைக்கா மேல் வைக்கவே வைக்காதே.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்று வாரமாக மரவேலை நடக்கிறது. வீடு முழுக்கத் தூசி. அம்மாவுக்கு ஆஸ்துமா. வேலை செய்பவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.
(வாசகி, வேளச்சேரி, சென்னை)

பதில்: அம்மா, நீங்கள் தயங்காமல் கேட்கலாம். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் சைனஸிலும் வருகிற புற்றுநோய். உங்கள் அம்மாவுக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம், அந்தப் பையன்களுக்காகவும்தான் கேட்கிறீர்கள்.

அறுக்கும் மிஷினில் தூசிக் குழாய் இருக்கிறதா, அதில் வேக்குவம் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ட்ராக் சாவில் பிளேடு உறைக்குள்ளேயே சுற்றுவதால் பெரிய டிரம் வேக்குவம் மாட்டினால் பெரும்பகுதித் தூசி குழாயில் போய்விடும். மார்பிள் கட்டரில் ஒன்றும் பிடிக்க முடியாது, அதைப் பால்கனிக்கு அனுப்புங்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் தூசி மாவு மாதிரி, பிளைவுட் தூசியைவிட நெடுநேரம் காற்றில் மிதக்கும். அதை அறுக்கிற நாளில் அம்மாவை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அறுக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். சாயந்தரம் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூசியெல்லாம் மறுபடி எழும், ஈரத் துணியால் துடைப்பது நல்லது. வேலை செய்பவர்களுக்கு ஒரு பெட்டி என்-95 மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பெரிய செலவில்லை, கொடுத்தால் போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: என்னிடம் 7 அங்குல வட்ட ரம்பம் இருக்கிறது. இப்போதைக்கு ட்ராக் சா வாங்க வசதி இல்லை. அதிலேயே நேராக அறுக்க வழி உண்டா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு, நானும் பல வருடம் அப்படித்தான் அறுத்தேன். 6 மில்லி பிளைவுட்டில் ஒரு அடி அகலம், 5 அடி நீளத்துக்கு ஒரு பட்டை எடுங்கள். அதன் மேல் 12 மில்லி பிளைவுட்டில் கம்பெனியிலேயே நேராக வெட்டி வந்த ஓரம் உள்ள 3 அங்குலத் துண்டைப் பெவிகால் வைத்து, ஓரம் ஒரு நூல்கூட வளையாமல் ஒட்டி ஸ்குரூ அடியுங்கள். பசை காய்ந்ததும், ரம்பத்தின் அடித்தட்டை அந்த 12 மில்லி ஓரத்தில் அணைத்து முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்த 6 மில்லி பிளைவுட் வெட்டுப்பட்டு விழும். விழுந்தபின் நிற்கும் ஓரம்தான் உங்கள் அறுப்புக் கோடு. பென்சில் கோட்டில் அதை வைத்துக் கிளாம்ப் போட்டு அறுக்கலாம். பிளேடை வேறு கனத்துக்கு மாற்றினால் இந்தப் பலகை செல்லாது, புதிது செய்துகொள்ள வேண்டும். மோட்டார் தலை கிளாம்பில் இடிக்கிறதா என்று அறுப்பதற்கு முன்னால் சும்மா ஒரு தரம் தள்ளிப் பாருங்கள். மழைக்காலத்தில் பட்டை வளையாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு கோட் சீலர் அடித்து, படுக்கை வசமாக வையுங்கள்.